அடித்தது கையா, ஸ்கேனரா?

தென்காசியில் ஒரு சூப்பர் மார்க்கெட். மாலைக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டாவது கவுண்டரின் திரையில் ஒரு குளியல் சோப்பின் எண்ணிக்கை முப்பத்தெட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கோடி என்று ஏறியது. பில் போடும் அக்கா அசரவே இல்லை. எஸ்கேப்பைத் தட்டினார், வரியை அழித்தார், சோப்பை மறுபடி ஸ்கேனருக்குக் காட்டினார். "இது தெனம் நடக்கும் சார். எங்களுக்குப் பழகிட்டு" என்றார், தலையைத் தூக்காமல்.

முகம் சுருங்கியது பக்கத்து ஸ்டூலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த தம்பிக்குத்தான். அந்த பில்லிங் மென்பொருளை எழுதியவர் அவர். கீபோர்டும் மவுஸும் ஒரு நிரலுக்குள் எப்படி வந்து சேர்கின்றன, அவற்றை நிரல் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதப்போகிறேன் என்றதும், "ஆபீஸுக்கு வராதீங்க சார், கவுண்டருக்கு வாங்க. அங்கதான் எல்லாம் வெளிய வரும்" என்று கூட்டிவந்தவரும் அவர்தான்.

நடந்தது இவ்வளவுதான். முந்தைய பொருளுக்கு எண்ணிக்கையை மாற்றுவதற்காக அக்கா அந்தக் கட்டத்துக்குப் போயிருந்தார். 3 என்று அடித்தவர், என்டர் தட்டாமல் அடுத்த சோப்பை ஸ்கேன் செய்துவிட்டார். கர்சர் எண்ணிக்கைக் கட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சோப்பு உறையில் இருந்த 13 இலக்க பார்கோடு, 890 என்று தொடங்குவது, அப்படியே அந்தக் கட்டத்துக்குள் இறங்கிவிட்டது. நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலான உறைகளில் இந்த 890ஐப் பார்க்கலாம். அந்த நிறுவனம் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையில் எண் வாங்கியிருக்கிறது என்று பொருள். அதுவே இங்கே கோடிக்கணக்கில் சோப்பாகிவிட்டது.

கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் தம்பி ஸ்கேனரின் யுஎஸ்பி வயரைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகினார். அதில் உபுண்டுவும் இருக்கிறது. எவ்டெஸ்ட் என்ற சின்னக் கருவியை ஓடவிட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினார். கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. நிறுத்திவிட்டு மேலே போய்ப் பார்த்தோம். முதல் எண்ணான எட்டுக்கு மட்டும் ஆறு வரிகள். கருவி அனுப்பிய குறியீடு 70025. லினக்ஸ் அதற்கு வைத்த பெயர் கீ_8, எண் 9. மதிப்பு 1. சற்றுக் கீழே அதே கீ_8, மதிப்பு 0. ஒன்று என்றால் அழுத்தியது, சுழியம் என்றால் விட்டது. யாராவது அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டு என்று வரும்.

எட்டுக்கு ஏன் 9 என்று கேட்டேன். "எஸ்கேப் ஒண்ணாம் நம்பர் சார். அதனால 1ங்கற கீ ரெண்டாயிருது. எல்லாமே ஒண்ணு தள்ளித்தான்." இதே எண்ணோடு இன்னொரு எட்டைக் கூட்டி 17 என்று வைத்துக்கொள்கிறது லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ் விண்டோ. விசையில் அச்சடித்திருக்கும் எழுத்துக்கும் கணினிக்குள் போகும் எண்ணுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. கீபோர்டு சொல்வது 'இந்த இடத்தில் உள்ள விசை அழுந்தியது' என்று மட்டும்தான். அது என்ன எழுத்து என்பதைப் பின்னால் வேறொருவர் முடிவு செய்கிறார்.

ஸ்கேனரும் இதையேதான் சொல்கிறது. தான் ஸ்கேனர் என்று அது எங்கேயும் காட்டிக்கொள்வதில்லை. கணினியில் செருகியதும் 'நான் ஒரு கீபோர்டு' என்று பதிவு செய்துகொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எட்டு பைட் செய்தி அனுப்புகிறது. முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் வகையறா, இரண்டாவது காலி, மிச்சம் ஆறில் அந்த நேரத்தில் அழுந்தியிருக்கும் விசைகள். அடுத்து எல்லாம் சுழியமாக இன்னொரு எட்டு பைட், விரலை எடுத்ததற்கு அடையாளமாக. இல்லாத விரல்! இப்படிப் பதின்மூன்று முறை செய்துவிட்டுக் கடைசியில் ஓர் என்டர். யுஎஸ்பிக்கு முந்திய காலத்திலும் இதே கதைதான். கீபோர்டு வயருக்கும் கணினிக்கும் நடுவே ஸ்கேனரைச் செருகுவார்கள். கணினிக்கு இரண்டும் ஒரே வயர். இந்த ஏற்பாட்டில் பெரிய வசதி உண்டு. எந்த மென்பொருளையும் திருத்தாமல் எதிலும் பார்கோடு போடலாம். எக்செல்லில் கர்சரை வைத்து ஸ்கேன் செய்தாலும் எண் விழும். விலை என்னவென்றால், எண் யாருக்குப் போகவேண்டும் என்பதை ஸ்கேனர் தீர்மானிக்க முடியாது. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே போய் விழும்.

"அப்போ ஸ்கேனர் அடிச்சதா, அக்கா அடிச்சதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

தம்பி யோசிக்கவே இல்லை. சுலபமான வழி, அதைக் கீபோர்டு வேஷத்திலிருந்து வெளியே கொண்டுவருவது. பெரும்பாலான ஸ்கேனர்களின் கையேட்டில் சில பார்கோடுகள் அச்சடித்திருப்பார்கள். அதில் ஒன்றை ஸ்கேன் செய்தால் கருவி சீரியல் போர்ட்டாக மாறிவிடும். அப்புறம் எண் தனி வழியில் வரும், கர்சர் எங்கே நின்றாலும் கவலையில்லை. எனக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கேனர் கீழ விழுந்து உடைஞ்சா அண்ணாச்சி பக்கத்துக் கடையில போயி புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிருவாரு. அது கீபோர்டாத்தான் வரும். ராத்திரி ஒம்பது மணிக்கு எனக்கு போன் வரும்." கல்லாவில் இருந்த கடை முதலாளி அண்ணாச்சி மறுக்கவில்லை.

விண்டோஸில் ரா இன்புட் என்று ஒரு வசதி இருக்கிறது. 2001இல் எக்ஸ்பியோடு வந்தது. விசை எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று அதில் கேட்கலாம். கேட்கலாமே தவிர, அந்த ஒரு கருவியின் விசையை மட்டும் கட்டத்துக்குள் போகவிடாமல் தடுக்க முடியாது. தடுத்தால் அந்த நிரலுக்கு எல்லாக் கீபோர்டும் அடைபட்டுப்போகும். லினக்ஸில் ஒரு கருவியை மட்டும் தனியாகப் பிடித்துவைத்துக்கொள்ள வழியுண்டு. கடையில் இருப்பதோ விண்டோஸ்.

ஆகவே அவர் நேரத்தைப் பிடித்துக்கொண்டார். எவ்டெஸ்ட் வரிகளின் ஓரத்தில் நொடிக்கணக்கு இருக்கிறது. இந்த ஸ்கேனரில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் பத்துப் பதினாறு மில்லிநொடி. கவுண்டர் கீபோர்டை லேப்டாப்பில் மாட்டி, அக்காவை எண் பலகையில் வேகமாக அடிக்கச் சொன்னோம். அவர் கை இந்த வட்டாரத்திலேயே வேகமான கையாக இருக்கலாம். அப்படியும் ஸ்கேனர் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு விரல் சேர்ந்து விழுந்து, ஸ்கேனர் வேகத்தில் இரண்டு எண் வந்திருந்தது. அதனால் இடைவெளியை மட்டும் நம்பிப் பயனில்லை. நெருக்கமாக எட்டு எழுத்தாவது தொடர்ந்து வரவேண்டும், முடிவில் என்டர் வரவேண்டும். 13 இலக்க எண் என்றால் கடைசி இலக்கமும் ஒத்துப்போகவேண்டும். மாதிரிக்கு 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு இலக்கங்களை இடமிருந்து வலமாக மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். இங்கே எதுவும் குறையவில்லை, ஆகவே சுழியம். கை தவறி அடித்த எண் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சிக்கிவிடும்.

இன்னொரு முடிச்சு இருக்கிறது. இது ஸ்கேனர்தான் என்று நிரலுக்குத் தெரியவரும்போது முதல் சில எண்கள் கட்டத்துக்குள் விழுந்துவிட்டிருக்கும். அவற்றைத் தடுத்து வைத்து, கைதான் அடித்தது என்றால் மறுபடி அனுப்பலாம் என்று தம்பி முதலில் எழுதிப் பார்த்தார். எண்கள் முன்பின்னாக விழ ஆரம்பித்தன. இப்போது வேறு வழி. விசை ஓட்டம் தொடங்கும்போதே கட்டத்தில் என்ன இருந்தது என்று குறித்துவைத்துக்கொள்கிறார். ஸ்கேன் என்று உறுதியானதும் பழையதைத் திருப்பிப் போட்டுவிட்டு, எண்ணைப் பொருள் பட்டியலுக்கு அனுப்புகிறார். கடைசி என்டரை விழுங்கிவிடுகிறார்.

அந்த என்டரை விழுங்குவதுதான் பெரும்பாடு. விண்டோஸ் ஃபார்ம்ஸில் கீபிரிவியூ என்று ஒரு பண்பு உண்டு. அதை இயக்கினால் விசைகள் கட்டத்துக்குப் போகுமுன் படிவத்தின் கண்ணில் படும். என்டர் மட்டும் நழுவிவிடும். படிவத்துக்கு 'இயல்பு பட்டன்' என்று ஒன்றைக் குறித்திருந்தால், கீபிரிவியூ பார்ப்பதற்கு முன்பே என்டர் நேராகப் போய் அந்தப் பட்டனை அழுத்திவிடுகிறது. இவருடைய படிவத்தில் இயல்பு பட்டன் 'பில் முடி'. அதனால் எல்லாச் செய்திகளும் நுழையும் வாசலிலேயே ஒரு வடிகட்டியைப் போட்டிருக்கிறார்.

போட்டும் ஒரு ஓட்டை இருந்தது. அதை நான் கவுண்டரில் நின்றதால்தான் பார்த்தேன். புதிதாக வந்த ஊறுகாய் பாட்டிலை அக்கா ஸ்கேன் செய்தார். ஸ்கேனர் 'பீப்' என்றது. திரையில் 'பொருள் பதிவில் இல்லை' என்று ஒரு பெட்டி, கீழே 'ஓகே'. அக்கா கண் பொருள்களின் மேல் இருக்கிறது, திரையில் இல்லை. அடுத்த பாக்கெட்டை எடுத்தார். பீப். அதன் பதின்மூன்று எண்களும் பெட்டியில் போய் மோதிக் காணாமல் போயின. கூடவே வந்த என்டர் 'ஓகே'யை அழுத்திப் பெட்டியை மூடிவிட்டது. பாட்டிலும் பில்லில் இல்லை, பாக்கெட்டும் இல்லை. இரண்டும் பைக்குள் போய்விட்டன. ஸ்கேனரின் 'பீப்' கோட்டைப் படித்துவிட்டேன் என்று மட்டும்தான் சொல்கிறது. நிரல் வாங்கிக்கொண்டதா என்பது அதற்குத் தெரியாது. அக்காவோ அந்தச் சத்தத்தை நம்பித்தான் கையை நகர்த்துகிறார். மாதக் கடைசியில் ஸ்டாக் குறைகிறது என்று அண்ணாச்சி கடைப் பையன்களைச் சந்தேகப்பட்டதில் இந்தப் பெட்டிக்கும் பங்கு இருந்திருக்கும்.

வடிகட்டி ஏன் பிடிக்கவில்லை? அது விண்டோஸின் சொந்த மெசேஜ் பாக்ஸ். திறந்திருக்கும் வரை அது தன் சுற்றில் செய்திகளை வாங்கிக்கொள்ளும். நிரலின் வாசல் வழியாக எதுவும் வராது. தம்பி அங்கேயே உட்கார்ந்து அதை நீக்கினார். இப்போது திரையின் மேல்பக்கம் சிவப்புப் பட்டை, ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். விசை எதற்கும் அந்தப் பட்டை அசையாது. பில்லிங் திரையில் என்டருக்கு மூடுகிற பெட்டி எதுவுமே இருக்கக்கூடாது என்பேன் நான். ஸ்கேனர் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் என்டர் அடிக்கிற இடம் அது.

அதற்குள் அண்ணாச்சி ஒரு பில்லைச் சேமிக்க வந்தார். மவுஸைப் பிடித்து, 'சேமி' பட்டனை டபுள் கிளிக் செய்தார். அவர் எதையும் டபுள் கிளிக்தான் செய்வார். டபுள் கிளிக் என்பது இரண்டு கிளிக். விண்டோஸ் இயல்பாக 500 மில்லிநொடிக்குள், சில புள்ளிகள்கூட நகராமல் வந்த இரண்டை அப்படி எடுத்துக்கொள்கிறது. பட்டனுக்கு அது இரண்டு தனி அழுத்தல். பிரின்டர் இரண்டு பில்லைத் துப்பியது.

"சேமிக்கிறப்ப பட்டனை முடக்கி வச்சிருக்கேனே!" என்று தம்பி நிரலைத் திறந்தார். உண்மைதான். முதல் வரியில் பட்டனை முடக்குகிறார், நடுவில் தகவல்தளத்தில் எழுதுகிறார், கடைசி வரியில் பட்டனைத் திறக்கிறார். மூன்றும் திரையைக் கவனிக்கும் அதே இழையில் (த்ரெட்டில்) நடக்கின்றன. எழுதி முடிக்கும் வரை அந்த இழை வேறெதையும் பார்ப்பதில்லை. இரண்டாவது கிளிக் அழியவில்லை. ரேஷன் கடை ஷட்டர் தூக்கும்வரை நிற்கிறவர்களைப் போல வரிசையில் நிற்கிறது. கடைசி வரி பட்டனைத் திறந்த பிறகுதான் நிரல் வரிசைப் பக்கம் திரும்புகிறது. திறந்திருக்கும் பட்டன், காத்திருக்கும் கிளிக். முடக்கியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. எழுதும் வேலையை வேறு இழைக்கு அனுப்பிவிட்டு, அது முடிந்தபின் பட்டனைத் திறந்தால், நடுவே வந்த கிளிக் முடங்கிய பட்டனில் பட்டு வீணாகும். தம்பி மாற்றினார். அண்ணாச்சி டபுள் கிளிக் செய்தார். ஒரே பில்.

அப்படியானால் காத்திருக்கிற எல்லாவற்றையும் துடைத்து எறிந்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. அக்கா திரைக்கு முன்னாலேயே ஓடுகிறார்: எண்ணிக்கை, என்டர், அடுத்த எண்ணிக்கை. கணினி இரண்டு நொடி திணறினாலும் அவர் கை நிற்காது. அடித்தது வரிசையில் இருந்து பின்னால் சரியான இடத்தில் போய் விழும். கீபோர்டில் அடுத்த கட்டம் எது என்பது முன்பே தெரிந்தது. மவுஸ் அப்படியில்லை. கிளிக் செய்த இடத்தில் இரண்டு நொடி கழித்து என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அங்கே புதிதாக 'நீக்கவா?' பெட்டி முளைத்திருக்கலாம். காத்திருந்த விசைகளுக்கு மரியாதை கொடுக்கவேண்டும். காத்திருந்த கிளிக்குகளைச் சந்தேகப்படவேண்டும்.

காய்கறிக்காகப் பெரிய பெரிய சதுரங்களைத் தம்பி தானே வரைந்திருந்தார். தக்காளி, கத்தரி, வெண்டை. அவை மவுஸை அழுத்திய கணமே பில்லில் ஏறின. சாதாரணப் பட்டன்கள் விடும்போதுதான் வேலை செய்யும். தவறாக அழுத்திவிட்டால் விடாமல் அப்படியே வெளியே இழுத்துப்போய் விட்டால் ஒன்றும் ஆகாது. விண்டோஸ் அந்த நேரத்தில் மவுஸைப் பட்டனுக்கே எழுதிக்கொடுத்துவிடுவதால், வெளியே விட்டதும் பட்டனுக்குத் தெரியவரும். சொந்தமாக வரைகிறவர்கள் இந்தச் சலுகையைத் தெரியாமலே பிடுங்கிவிடுகிறார்கள். "வேகமா இருக்கட்டும்னு செஞ்சேன்" என்றார். மிச்சமாகிற வேகம் விரல் எழும் நேரம்தான். கத்தரிக்குப் பதில் வெண்டை ஏறினால் அதை எடுக்க அதைவிட அதிகம் ஆகும்.

கீபோர்டுக்கும் இதேபோல் ஒன்று. பில்லை அச்சடிக்க எஃப்12. ஒரு அரிசிப் பை சாய்ந்து அதன்மேல் படுத்தால்? விசை தானே திரும்பத் திரும்ப அடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு அழுத்தச் செய்தியிலும் முப்பதாவது பிட்டில், 'இது ஏற்கெனவே அழுந்தியிருந்த விசை' என்று விண்டோஸ் குறித்தே அனுப்புகிறது. அதைப் பார்த்துத் தள்ளிவிட்டால் போதும். தம்பி முன்பே செய்திருந்தார்.

முதல் கவுண்டரில் இருக்கும் பெண் இதற்குமுன் டேலியில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தவர். டேலியில் கன்ட்ரோல்-ஏ அடித்தால் பதிவு சேமிக்கப்படும். விண்டோஸில் அது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். அவர் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-ஏ அடித்து, அடுத்த எண்ணைத் தட்டினால் கட்டத்தில் இருந்தது மொத்தமும் போயிற்று. எது சரி என்ற விவாதத்துக்கே நான் வரமாட்டேன். கவுண்டரில் உட்காரும் பலருடைய விரலுக்கு டேலி பழகியிருக்கும் ஊரில், பில்லிங் திரையில் கன்ட்ரோல்-ஏ சேமிக்கத்தான் வேண்டும்.

பொருள் பெயரைத் தமிழில் சேர்க்கும் திரைக்கு வந்தபோது வேறு வேடிக்கை. கடையிலேயே கட்டும் பருப்புப் பொட்டலங்களுக்கு அவர்களே பார்கோடு ஒட்டுகிறார்கள்: சின்ன எழுத்தில் கே, எம், பிறகு ஆறு எண். தமிழ்99 போட்டிருந்த நேரத்தில் அதை ஸ்கேன் செய்ததும் திரையில் 'மர250007' என்று விழுந்தது. தமிழ்99இல் கே இருக்கும் இடத்தில் ம, எம் இருக்கும் இடத்தில் ர. ஸ்கேனர் விசையின் இடத்தைத்தானே சொல்கிறது. எழுத்தைத் தேர்ந்தவர் விண்டோஸ். எண்கள் தப்பித்ததால் கம்பெனிப் பொருள்களில் இந்தச் சிக்கல் இதுவரை தலைகாட்டவே இல்லை. குறியீட்டுக் கட்டத்துக்குள் கர்சர் வந்தாலே ஆங்கில விசைப்பலகைக்கு மாறவும், வெளியே போனால் தமிழுக்குத் திரும்பவும் ஏற்பாடு செய்தார். பொட்டலங்களுக்கு இனி வெறும் எண் போடச் சொல்லியிருக்கிறேன்.

கடை மூடும் நேரத்துக்கு அண்ணாச்சி தன் கோரிக்கையோடு வந்தார். பையன்கள் ஆல்ட்-டேப் அடித்து வெளியே போய் யூடியூப் பார்க்கிறார்களாம். "அந்தக் கீ எதுவும் வேல செய்யக்கூடாது தம்பி. உன் சாஃப்ட்வேரத் தவுத்து எதுவும் தெரியக்கூடாது."

தம்பி அதற்கான நிரலைப் பாதி எழுதியே வைத்திருந்தார். கணினியில் எங்கே எந்த விசை விழுந்தாலும் முதலில் தன்னிடம் காட்டச் சொல்லும் ஹூக். நான் வேண்டாம் என்றேன். கடவுச்சொல் திருடும் மென்பொருள்களும் இதே கொக்கியைத்தான் மாட்டுகின்றன. வைரஸ் தடுப்பு ஒருநாள் இவருடைய பில்லிங்கைத் திருடன் என்று பிடிக்கும். கொக்கி பதில் சொல்லத் தாமதித்தால் விண்டோஸ் சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிவிடும். எப்படியும் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் சிக்காது. அதை எந்த நிரலிடமும் கொடுப்பதில்லை என்று விண்டோஸ் வேண்டுமென்றே வைத்திருக்கிறது. லினக்ஸ் பக்கம் எக்ஸ் விண்டோவில் எந்த நிரலும் மற்ற நிரலின் விசைகளைப் பார்க்கலாம் என்றிருந்த நிலையை, அதற்கு மாற்றான வேலாண்ட் வந்து அடைத்தது இதனால்தான். அதற்குப் பதிலாகப் பையன்களுக்குத் தனிப் பயனர் கணக்கு போதும் என்றேன். அதில் இந்த ஒரு நிரல் மட்டும் திறக்கும்படி விண்டோஸிலேயே அமைக்கலாம். தம்பி கொஞ்சம் வாதாடினார், பிறகு ஹூக் கோப்பை அழித்தார்.

"அப்ப மவுஸையே கழட்டிட்டா?" என்றார் அண்ணாச்சி. அவருக்கு ஏதாவது ஒன்றைக் கழற்றியாக வேண்டும்.

அக்கா ரூபாய்த் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தாராளமா கழட்டுங்க அண்ணாச்சி. ரிட்டர்ன் போடதுக்கு மட்டுந்தான் அதைத் தொடுதேன். அதுக்கும் ஒரு கீ குடுத்துட்டா எனக்கு அது தேவையே இல்ல."

தம்பி ரிட்டர்ன் திரையைத் திறந்து டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனார். கர்சர் மூன்று கட்டம் தாண்டி மேலேயே திரும்பிவிட்டது. 'திரும்பப் பெறு' சதுரத்துக்கு அது போகவே இல்லை. அதுவும் அவரே வரைந்ததுதான். எஃப்9 காலியாக இருக்கிறதா என்று பட்டியலைத் தேட ஆரம்பித்தார்.